தைராய்டு புற்றுநோயும் மனசும்: மாத்திரை டப்பாவையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

"கேன்சர்லயே இதுதான் நல்ல கேன்சர்ம்மா." என் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே டாக்டர் இப்படித்தான் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் அதே வாக்கியத்தை இன்னும் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் இருந்த பெண், போனில் சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா. அக்காவின் நாத்தனாருக்கும் இதே வந்து, இப்போது ஜம்மென்று இருக்கிறாராம். எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ராத்திரி பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்ல கேன்சருக்கு எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் குழாய்.

அதற்கு இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. நான் மருத்துவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பட்டதும், அப்புறம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கின்றன. உங்கள் மருந்தளவை இதை வைத்து மாற்றாதீர்கள்.

இந்த நோயில் மனசுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆபரேஷனில் எடுத்துப்போடுகிற தைராய்டு சுரப்பிதான் நம் சுறுசுறுப்பு, தூக்கம், ஞாபகம், எரிச்சல் எல்லாவற்றிலும் ஒரு கையை வைத்திருக்கிறது. அது போனபின் அந்த வேலையை ஒரு சின்ன மாத்திரை பார்க்கிறது. ஆகவே அழுகை வந்தால் அது நோய் தந்த துக்கமா, மாத்திரை அளவு கூடிக் குறைந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்பார்கள். சில டாக்டர்கள் "எல்லாம் டி.எஸ்.ஹெச்.தான்" என்பார்கள். (டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டை முடுக்க மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன், ரத்தச் சோதனையில் பார்ப்பார்கள். மாத்திரை குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும்.) என் அனுபவத்தில் இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இரண்டையும் ஒன்றாகவே விசாரிக்க வேண்டும்.

படி 1: எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்

பெயர் தெரியாத பயம்தான் ராத்திரியில் பெரிதாகிறது. தைராய்டு புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் நான்கு முக்கிய வகைகள் இருக்கின்றன. பத்தில் எட்டுப் பேருக்கு வருவது பாப்பிலரி. அடுத்தது ஃபாலிக்குலர். இவை இரண்டும் பெரும்பாலும் மெதுவானவை. அயோடினை உறிஞ்சும் குணம் அந்த செல்களில் பொதுவாக மிச்சமிருப்பதால் கதிரியக்க அயோடினுக்குக் கட்டுப்படும். மூன்றாவது மெடுல்லரி. இதற்கு அயோடின் சிகிச்சை பயன்படாது. இது வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குப் பரம்பரையாக வருகிறது என்பதால் பிள்ளைகளுக்கும் மரபணு சோதனை செய்யச் சொல்வார்கள். நான்காவது அனபிளாஸ்டிக். அரிதானது, வேகமானது. அதை யாரும் 'நல்ல' என்று சொல்ல மாட்டார்கள்.

கூகுளில் ராத்திரி ஒரு மணிக்குத் தேடினால் நாலும் கலந்துதான் வரும். அனபிளாஸ்டிக்கின் எண்களைப் படித்துவிட்டு பாப்பிலரிக்காரர் விடியும்வரை விழித்திருப்பார். நானும் இருந்தேன். அதனால் அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் நான்கு கேள்விகளைக் கொண்டுபோங்கள். என்ன வகை? கழுத்து நெறிக்கட்டிகளுக்கோ வேறெங்குமோ போயிருக்கிறதா? எனக்கு அயோடின் சிகிச்சை தேவையா? அடுத்த சோதனை எப்போது? பதிலை உடன் வருபவர் எழுதட்டும். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்தபின் சொல்லப்படுவது நமக்குப் பெரும்பாலும் ஏறாது.

கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆபரேஷன் இப்போது வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்று சிலரிடம் சொல்வார்கள். உடம்பில் கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று மனசு பதறும். இது யாரோ கைகழுவிவிட்ட யோசனை கிடையாது. ஜப்பானின் கோபே நகரில் இருக்கும் குமா மருத்துவமனையில் 1993 முதல் இப்படிக் கண்காணித்து வருகிறார்கள். தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானபோது 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 15 மடங்கு ஆனது. இறப்பு எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத கட்டிகள் நிறைய இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் தினமும் அந்த நினைப்போடு இருக்க முடியவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த வழி என்று முடிவெடுப்பதில் அதற்கும் இடம் உண்டு.

படி 2: 'நல்ல கேன்சர்' என்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருக்கட்டும்

சொல்பவர் ஆறுதல் என்று நினைத்துச் சொல்கிறார். கேட்பவருக்கு "நீ வருத்தப்படக்கூடாது" என்று காதில் விழுகிறது. அதோடு ஒரு குற்ற உணர்வும் சேரும். கீமோ வார்டில் முடி கொட்டிப் படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு, நமக்கு அழக்கூட உரிமை இல்லையோ என்று தோன்றும்.

நான் கடைசியில் பிடித்துக்கொண்ட பதில் இது: "குணமாயிடும்னுதான் சொல்றாங்க. ஆனா பயமாத்தான் இருக்கு." இரண்டு வாக்கியம், இரண்டும் உண்மை. முதல் வாக்கியம் இருப்பதால் எதிராளி பதற மாட்டார், இரண்டாவது இருப்பதால் நீங்கள் நடிக்க வேண்டியதில்லை. இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

படி 3: யாரிடம், எவ்வளவு சொல்வது

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒருவர் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காவோ, உடன் வேலை செய்பவரோ, கல்லூரித் தோழியோ போதும்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அவர்கள் எப்படியும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிடுவார்கள், பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே கற்பனை செய்துகொள்வார்கள். "அம்மா கழுத்துல ஒரு கட்டி, அதை எடுக்கப் போறாங்க, அது தொட்டா ஒட்டாது, நீ ஏதோ பண்ணதால வரல" என்று சொன்னால் ஆறு வயசுப் பிள்ளைக்கும் புரியும். கடைசி வரி அவசியம். பிள்ளைகள் தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்வது நாம் நினைப்பதைவிட அதிகம்.

கல்யாணமாகாத பெண்களுக்கு வரும் கவலை வேறு மாதிரி. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது, அதிலும் இளவயதிலேயே வருவது சகஜம். ஆக, ஜாதகத்தைக் கையில் எடுக்கிற நேரத்திலேயே தழும்பும் வந்து சேர்கிறது. குழந்தை பிறக்குமா என்பதுதான் சொந்தக்காரர்களின் முதல் கேள்வி. அயோடின் சிகிச்சை முடிந்து குறைந்தது ஆறு மாதம் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்பார்கள். அதன்பின் ஹார்மோன் அளவு சரியாக இருந்தால் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். இதை டாக்டர் வாயால் அம்மாவும் அப்பாவும் கேட்பது நல்லது. நாம் சொன்னால் சமாதானம் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "பொம்பளைங்க வியாதி"யாயிற்றே என்று யாரிடமும் சொல்லாமல் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து கட்டோடு வந்தபோதுதான் அவர் வீட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரிந்தது.

படி 4: கழுத்து, குரல், கால்சியம்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண்ணாடி பார்க்கிறபோது பக்கத்தில் யாராவது இருக்கட்டும். தழும்பு முதலில் சிவந்து தடித்துத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் பெரும்பாலும் மங்கிவிடும். கெலாய்டு (தழும்பு தடித்து வளர்வது) வருகிற உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு உறுத்தியது தாலிக்கொடி. தையல் ஆறும்வரை கழற்றி வைக்கச் சொன்னதில் நோயைவிட அதிகமாக அழுதது என் மாமியார்தான். மஞ்சள் கயிற்றில் கோத்து என் மணிக்கட்டில் கட்டிவிட்டு சமாதானமானார். மாமியாரின் ஏற்பாடு, நான் தலையிடவில்லை.

குரல்வளைக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது. அதனால் சில வாரம், சில மாதம் குரல் கம்மலாம். டீச்சருக்கும், பாடுகிறவருக்கும், கூவி விற்கிறவருக்கும் குரல்தான் பிழைப்பு. "வந்துடும், வந்துடும்" என்று காத்திருந்து நான் இரண்டு மாதத்தை வீணடித்தேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் நரம்பின் அசைவைப் பார்க்கச் சொல்லி, பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் சீக்கிரமே போய்விடுங்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் "டீச்சர், நீங்க வில்லன் மாதிரி பேசறீங்க" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான். ஆபரேஷனுக்குப்பின் நான் மனசுவிட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்று. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி மரத்துப்போய், கூடவே இனம்தெரியாத படபடப்பும் வந்தால் அதைப் பயம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள். தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கவனிக்கிற பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் அசந்துபோய் கால்சியம் இறங்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். கை விரல்கள் இழுத்துக்கொண்டால் காத்திருக்கவே கூடாது.

படி 5: மாத்திரை இல்லாத வாரங்களும் பூட்டிய அறையும்

மனசளவில் எனக்கு மிகக் கஷ்டமான கட்டம் இதுதான், ஆனால் யாரும் அதற்கு என்னைத் தயார் செய்யவில்லை.

அயோடின்-131, அதாவது அந்தக் கதிரியக்க அயோடின், நன்றாக வேலை செய்ய டி.எஸ்.ஹெச். அளவு 30-க்கு மேல் ஏற வேண்டும் என்பார்கள். அதற்கு மூன்று நான்கு வாரம் தைராய்டு மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். மாத்திரையை நிறுத்தாமல் அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊசி போடுகிற வழியும் இருக்கிறது, விலை அதிகம். உங்களுக்கு அது பொருந்துமா, எவ்வளவு ஆகும் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். முன்பே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

மாத்திரை நின்றபின் உடம்பு மெல்ல மெல்ல அணையும். குளிர் எடுக்கும். மலச்சிக்கல் வரும். முகம் உப்பும். மூன்றாவது வாரம் நான் யூனிட் டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பேப்பரில் 7, 4, 6, 3. கூட்டிப் பார்த்தேன், 19. மறுபடி கூட்டினேன், 21. பதினெட்டு வருடம் கணக்கு நடத்தியவள், விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி நான் இப்படித்தான் என்று அன்று தீர்மானமே செய்துவிட்டேன். அது பொய். சுரப்பு இல்லாத மூளை சொன்ன பொய்.

இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு செய்ய வேண்டியவை சில. அந்த வாரங்களில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம்: வேலையை விடுவது, வீட்டை விற்பது, சம்பந்தியோடு சண்டை எல்லாம் தள்ளிப்போகட்டும். வண்டி ஓட்டாதீர்கள், கைகால் சொல்பேச்சு கேட்க நேரமாகும். முடிந்தால் மருத்துவ விடுப்பு எடுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை நான் மந்தமாக இருப்பேன், அது மருந்து இல்லாததால்" என்று காலண்டரில் எழுதி அடுப்படியில் மாட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் அது ஞாபகப்படுத்தும். சாக வேண்டும் என்கிற எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்த விளக்கமெல்லாம் பொருந்தாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதே சமயத்தில் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடும் சேர்ந்துகொள்ளும். அயோடின் கலந்த உப்பு கூடாது, கடல் மீன், கருவாடு, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு கூடாது, ஹோட்டலும் பேக்கரியும் கூடாது. தயிர் சாதமும் பால் காபியும் இல்லாத நாள் நமக்கு ஒரு நாளா? அதையும் ஒரு இழப்பாகவே எண்ணுங்கள். கடுங்காப்பியும், அயோடின் சேர்க்காத உப்பு போட்ட ரசமும் என்னைக் காப்பாற்றின. எந்த உப்பு வாங்கலாம் என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் பாக்கெட்டையே காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் அந்த அறை. மருந்தைக் குடித்ததும் ஓரிரு நாளோ, அளவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடுதலாகவோ தனி அறையில் இருக்க வேண்டும். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தூரத்தில் நின்று ஒரு கருவியை உங்கள் பக்கம் நீட்டி அளப்பார்கள். பிறந்ததிலிருந்து கூட்டத்திலேயே வாழ்ந்த நமக்கு, நம்மைக் கண்டு ஆட்கள் ஒதுங்குவது என்னவோ செய்யும். அவர்கள் விலகுவது அந்தக் கதிரிடமிருந்து. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். உடம்பிலிருந்து சிறுநீரில் அதைவிட வேகமாகவே வெளியேறும். தண்ணீர் நிறையக் குடிப்பதுதான் அங்கே உங்கள் வேலை.

உள்ளே போகும்போது ஒரு நேர அட்டவணை கொண்டுபோங்கள். நான் என் அறையை பீரியட் பீரியடாகப் பிரித்தேன். முதல் பீரியட் குளியல், இரண்டாவது நடை (கட்டிலுக்கும் கதவுக்கும் பதினொரு எட்டு), மூன்றாவது அம்மாவுக்கு போன், நான்காவது சுடோகு. பழைய புத்தகத்தையே கொண்டுபோங்கள், திரும்பக் கொண்டுவர விடமாட்டார்கள் என்றாலும் வருத்தம் இருக்காது. போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். மூடிய அறை என்றாலே மூச்சு முட்டும் ஆளாக இருந்தால் முந்திய வாரமே சொல்லிவிடுங்கள். அறையை முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே பாதி பயம் குறையும்.

வீட்டுக்கு வந்தபின்னும் சில நாள் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். எத்தனை நாள், எத்தனை அடி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு சட்டம் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் தனித் தட்டு ஓடியது.

படி 6: ஒரு நாற்பது பக்க நோட்டு

இதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மாத்திரை மறுபடி தொடங்கிய அன்றே மனசு தெளிந்துவிடாது. லெவோதைராக்சின், அதுதான் நம் தைராய்டு மாத்திரை, உடம்பில் ஒரு நிலைக்கு வர ஆறு வாரம் ஆகும். அளவை மாற்றினால் மறுபடி ஆறு வாரம். இதில் நாளுக்கு நாள் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் நோட்டு. தேதி, மாத்திரை எடுத்த நேரம், எத்தனை மைக்ரோகிராம், தூக்கம், அப்புறம் ஒரு எண். புற்றுநோய் மருத்துவமனைகளில் 'மனவேதனை வெப்பமானி' என்கிற மாதிரி ஒரு படம் வைத்திருப்பார்கள். 0 என்றால் நிம்மதி, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. 4-ஐத் தொட்டாலோ அதற்கு மேலே போனாலோ டாக்டரோ நர்ஸோ விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த எண்ணைத்தான் எழுதச் சொல்கிறேன்.

என் நோட்டில் ஒரு பக்கம்:

மார்ச் 4. காலை 5.30. 150. தூக்கம் 4 மணி. எண் 6. பையன்மேல் காரணமில்லாமல் கத்தினேன்.
மார்ச் 5. 5.40. 150. தூக்கம் 3. எண் 7. ராத்திரி நெஞ்சு படபட. கை நடுங்கியது, சாக்பீஸ் உடைந்தது.
மார்ச் 9. 5.30. 150. எண் 7. அழுகை. எதற்கு என்று தெரியவில்லை.

இதை டாக்டரிடம் நீட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் டி.எஸ்.ஹெச். தரையைத் தொட்டுக் கிடந்தது. புற்றுநோய் திரும்ப வராமலிருக்க டி.எஸ்.ஹெச்.சை வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். ஆபத்து அதிகமுள்ளவருக்கு 0.1-க்கும் கீழே, குறைவானவருக்கு 0.5 முதல் 2 வரை. எனக்குத் தேவைக்கு மேல் இறங்கியிருந்தது. 125 ஆக்கினார். சில வாரத்தில் நடுக்கமும் படபடப்பும் போயின, தூக்கம் வந்தது.

அழுகை போகவில்லை. நோட்டில் எண் 5-லேயே நின்றது. மாத்திரை சரியாகிவிட்டது என்று நோட்டே காட்டியதால்தான் மீதி மனசினுடையது என்று நானும் டாக்டரும் ஒப்புக்கொண்டோம். நோட்டு இல்லாமலிருந்தால் அளவை இன்னும் நாலு தடவை ஏற்றி இறக்கி ஒரு வருடம் ஓட்டியிருப்போம்.

மாத்திரையைப் பற்றிச் சில விஷயம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி கூடாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தச் சோதனை தப்பாகக் காட்டும், இல்லாத பிரச்சினைக்குப் பயந்து சாக வேண்டியிருக்கும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், எவ்வளவு டோஸ் எடுக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தும் சோர்வு போகவில்லை என்றால் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, கால்சியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். படபடப்பாக இருக்கிறது என்று நீங்களாகவே பாதி மாத்திரை போடுவது மட்டும் வேண்டாம்.

படி 7: செக்கப் வாரம்

தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கிற புரதம், நோய் திரும்புகிறதா என்று பார்க்க அளப்பது) சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்கள் வருடம் எத்தனை ஆனாலும் பழகாது. ஒன்பதாவது வருடமும் எனக்கு அந்த வாரம் கழுத்து வலிக்கிறது. கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கிறது.

எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், அந்தக் கொஞ்சத்துக்கு நாம் உயிரை விடுவோம். ரிசல்ட் போனுக்கு வந்தால் டாக்டரைப் பார்க்கும் நேரம்வரை திறக்காமலிருப்பதா, திறப்பதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வீட்டுக்காரர் போனுக்கு வரும்படி மாற்றிவிட்டேன். அந்த வாரத்தில் வெற்று நேரம் விடாமல் ஏதாவது கைவேலை வைத்துக்கொள்வேன். மாவு அரைத்தல், ஒட்டடை அடித்தல், எதுவானாலும் சரி. தியானம் செய்யச் சொன்னார்கள், கண்ணை மூடினால் கழுத்துதான் தெரிந்தது. நடை எனக்கு உதவியது. கேன்சர் சோர்வுக்கு உடற்பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு ஆய்வுகளும் உண்டு.

படி 8: எப்போது, யாரிடம் போவது

இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனசு இடிந்து, நம்பிக்கையற்று இருந்ததா? முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆளைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் உங்கள் சிகிச்சை நடக்கும் இடத்திலேயே கேளுங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு தனியாக இருக்கும். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே துறை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கினால் போதும். பணக் கவலையே மனக் கவலையாக இருந்தால் மருத்துவ சமூகப் பணியாளரையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரையும் பாருங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

போக முடியாதவர்கள் போனில் பேசலாம். 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசுவார்கள், 24 மணி நேரமும், காசில்லாமல். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. முதல் தடவை நான் போன் செய்து எடுத்ததும் வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை, "எனக்கு தைராய்டு கேன்சர், என்ன பேசறதுன்னு தெரியல" என்றேன். அது போதுமானதாக இருந்தது.

உளவியல் ஆலோசகரிடம் போனால் அறிவுரை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்விதான் கேட்டார். "திரும்பி வந்துடும்னு தோணும்போது, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்தது?" பார்த்தால், ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன்னால் கழுத்தை அமுக்கிப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு இருபது தடவை. அதை மாதம் ஒரு தடவையாக்கத்தான் பயிற்சி. எட்டு அமர்வில் என் எண் 5-லிருந்து 2-க்கு வந்தது.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும், திடீரென்று நிறுத்தக் கூடாது. முக்கியமானது, அதை தைராய்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்; செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் எடுத்தால் தைராய்டு மாத்திரையின் தேவை கூடலாம். தூக்க மாத்திரையை மட்டும் மருந்துக் கடையில் நேராக வாங்காதீர்கள்.

நோய் பரவிவிட்டவர்களுக்கும், அனபிளாஸ்டிக் வகைக்காரர்களுக்கும் 'குணமாகிவிடும்' என்கிற பேச்சே வதையாக இருக்கும். அவர்கள் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக் குழுவை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி நாட்களுக்கு மட்டுமான குழு அது இல்லை. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடும் இருக்கிறது.

வாழவே வேண்டாம் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். 14416, அவசரமென்றால் 108, இல்லையென்றால் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு. வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் "பைத்தியமா நீ" என்று திட்டாமல், எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மருந்துகளை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு கூடவே உட்காருங்கள்.

கூட இருப்பவர்களுக்கு

தைரியமாக இரு என்று சொல்லாதீர்கள், இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். "நாளைக்கு ரிப்போர்ட் வாங்க நான் வரேன்" என்பது அதைவிட எவ்வளவோ மேல். எரிந்து விழுந்தால் டி.எஸ்.ஹெச். பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், வாய்விட்டுக் கேட்காதீர்கள். சண்டை நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேச்சு வாங்கினார். உங்களுக்கும் தூக்கம் போகிறது என்றால் 14416 உங்களுக்கும்தான்.

அதே மனிதர் காலை ஐந்தரைக்கு நான் மாத்திரை போட்டதும் டிகாக்ஷன் இறக்கி வைப்பார், பாலைக் காய்ச்ச மாட்டார். ஆறு மணி அடித்தபின்தான் இரண்டு டம்ளரிலும் காபி ஊற்றுவார். அந்த அரை மணி நேரம் அவரும் குடிக்காமல் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.